கருவிழிக்குப் பொருத்தம் பார்த்தவன்

கண் சிவந்தால் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் படிப்பவர்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவனுக்கு எதையும் ஒரு வரியில் முடிக்க வராது. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டேன். பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று, எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போய் எத்தனை நாளில் திரும்பும் என்பது எனக்கு அத்துப்படி. உடம்பும் ஓர் அலுவலகம்தான், விதிகளைப் படித்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. நீட்டிய விரல்களை எண்ணும், முகம் தெரியாது. எனக்குக் கண் என்றால் வலது கண்தான். வந்தது அதில்.

முதலில் மூன்று நாள் காய்ச்சல். பிறகு உதட்டோரத்திலும் இமையோரத்திலும் கடுகு கடுகாகக் கொப்புளம். கண் சிவந்து நீர் வடிந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. என் மனைவி வசந்தா பார்த்துவிட்டு, அக்கி மாதிரி இருக்கிறது, வேளாரிடம் போய் எழுதிக்கொண்டு வரலாம் என்றாள். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால், பானை செய்கிற வேளார் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதுவார். மூன்று நாள் எழுதினால் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவன். அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

சிரித்துவிட்டு, பீரோவில் இருந்த அவளுடைய கண்புரை அறுவைச் சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் எழுதியிருந்த சொட்டு மருந்தை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஊற்றிக்கொண்டேன். இரண்டே நாளில் சிவப்பு தணிந்தது, வலி குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது. சீட்டைக் காட்டிக் காட்டி ஐந்து வாரம் அதே மருந்தை வாங்கினேன். யாருக்கு, எதற்கு என்று கடைக்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சீட்டு இருந்தது, அதில் டாக்டர் முத்திரை இருந்தது. குறை சொல்ல மாட்டேன். நானும் என் காலத்தில் காகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாவது வாரம் வலது கண்ணுக்கு முன்னால் எண்ணெய்த் தாள் ஒட்டியதுபோல் ஆனது. வசந்தா என் கையைப் பிடித்துத் திருச்சி பஸ்ஸில் ஏற்றினாள்.

அங்கே கண் மருத்துவமனையில் எல்லோர் நெற்றியிலும், எந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு யாருக்கும் பெயர் கிடையாது. கலெக்டர் ஆபீஸில் கூட்டத்தை அதட்டி உட்கார வைத்தவன் நான். ஸ்டிக்கரோடு மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கூத்தாநல்லூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், தமக்கு இது நாலாவது வருடம் என்றார். பஸ் பாஸ் காட்டுகிற தொனியில் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். என் இடது கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கி, கிட்டத்தில் வைத்துக் காட்டியதால் உருவம் புரிந்தது. ஓர் ஆறு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால். எங்கள் தாலுகா பாசன வரைபடத்தை யாரோ என் கருவிழியில் வரைந்து வைத்திருந்தார்கள். நடுவே வாய்க்கால்கள் உடைந்து பெரிய ஏரியாகத் தேங்கியிருந்தது.

ஹெர்பிஸ் என்றார். அக்கி உண்டாக்குகிற கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்கள் உடம்புக்குள் வந்துவிடும். நரம்பின் முடிச்சில் படுத்திருக்கும். காய்ச்சலோ அலுப்போ வந்தால் எழுந்து வந்து உதட்டையோ கண்ணையோ கடிக்கும். அது உயிரோடு திரிகிற நேரத்தில், கிருமிக்கு மருந்து போடாமல் ஸ்டீராய்டு சொட்டு ஊற்றினால் உடம்பின் எதிர்ப்பு அடங்கிவிடும். சிவப்பும் வலியும் அந்த எதிர்ப்புதான். அது அடங்குவதைக் குணமாகிறது என்று நினைத்துக்கொள்வோம். கிருமி நிம்மதியாக விளையும். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன். அவர் கேஸ் ஷீட்டில் நீளமாக எழுதினார்.

வேளாரின் செங்காவி இமைக்கு வெளியே நின்றிருக்கும். இதை வசந்தா இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

புண் ஆறியது. ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு, பால் ஊற்றிய கண்ணாடி மாதிரி. கருவிழி மாற்று அறுவைதான் வழி என்றார்கள். இறந்தவர் ஒருவரின் கருவிழியை வட்டமாக வெட்டி எடுத்து, என் கண்ணில் அதே அளவு தழும்பை வெட்டி நீக்கி, அங்கே வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைப்பது. ஒன்பது மாதம் காத்திருந்தேன். நடந்தது. வலது கண் திறந்தது.

என் அண்ணனைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும்.

அண்ணன் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்தவர். எங்கள் அப்பா கூலி ஆளாக இருந்து, கடைசி காலத்தில் பன்னிரண்டு மா நிலம், நாலு ஏக்கர், வாங்கினார். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று அவரோடு சேற்றில் இறங்கியதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அப்பா போன பிறகு, கூட்டுப் பட்டாவைத் தனித்தனியாகப் பிரிப்பது நல்லது என்று நான்தான் மனு எழுதினேன். அண்ணனிடம் நீட்டினேன். "எங்கடா போடணும்?" என்று மட்டும் கேட்டார். நான் விரலால் காட்டிய இடத்தில் போட்டார். சரிபாதி, ஆறு மா அவருக்கு, ஆறு மா எனக்கு. அதில் ஒரு சென்ட் பிசகு கிடையாது. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடைப் பக்கம் என் பெயரில் இருந்தது என்பதை அவர் நில அளவையர் கல் ஊன்றிய அன்றுதான் தெரிந்துகொண்டார். அடுத்த பருவத்திலேயே அதை வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டேன். எல்லாம் முறைப்படிதான். அண்ணன் சண்டைக்கு வரவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். பதினோரு வருடம் நானும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

முதல் அறுவை நடந்த மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். மாடிக்கு ஏறி வரவில்லை. கீழே மருந்து வாங்குகிற இடத்துப் பெஞ்சில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வசந்தாவிடம் கண் நிலைத்துவிடுமா என்று கேட்டு, ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பை நிறையப் பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லது என்பார்களே, அது. எங்கள் தலைமடை வாய்க்கால் கரையில்தான் அது அப்படிச் செழித்து வளரும். வசந்தா என்னிடம் சொல்லாமல் சமைத்துப் போட்டாள். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள்.

பதினான்கு மாதம் அந்தக் கண்ணால் பேப்பர் படித்தேன். பிறகு ஒரு காலையில் காலண்டர் தேதி மங்கியது. ஒட்டிய கருவிழியை உடம்பு தள்ளத் தொடங்கிவிட்டது. கூடவே கிருமியும் எழுந்திருந்தது. எது முதலில், எது பிறகு என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. பதினெட்டு நாள் உள்ளே வைத்துப் பார்த்தார்கள். வசந்தா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி வாரியாகக் கட்டம் போட்டு, சொட்டு விட்டதும் ஒரு புள்ளி வைப்பாள். நான் பார்த்த எந்தப் பதிவேடும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. பலன்தான் இல்லை. கருவிழி வெளுத்துப் போனது.

இரண்டாவது முறை வைக்கலாமா என்று பேசும்போதுதான் பொருத்தம் என்ற சொல் வந்தது. கிட்னிக்குப் பொருத்தம் பார்க்கிறார்களே, கண்ணுக்கு ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நல்ல கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் உடம்பின் காவல்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. யாருடையதை வைத்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஹெர்பிஸ் தின்ற கண்ணில் ரத்தக் குழாய்கள் ஆக்கிரமித்து உள்ளே வந்துவிடும். அந்த வழியாக வெள்ளை அணுக்கள் வந்து, புதிய திசுவின் மேலிருக்கும் அடையாளக் குறிகளைச் சரிபார்க்கும். நம்முடையது இல்லை என்று தெரிந்தால் அடிக்கும். அந்தக் குறிகள் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருபவை. குறிகள் ஒத்துப்போகிற திசுவாக வைத்தால் இப்படிப்பட்ட கண்ணில் கூடுதல் நாள் நிற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள்.

"இங்க எந்த ஐ பேங்க்லயும் அத டெஸ்ட் பண்ணிக் குடுக்கறதில்ல சார். அதுக்காகக் காத்திருக்காதீங்க. நாள் போகப் போக ரத்தக் குழாய் இன்னும் உள்ள வரும். கிடைக்கறத வச்சுக்கிட்டு, மாத்திரைய விடாம போடறதுதான் நல்லது."

இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். எனக்குப் பொருத்தம் பார்த்த திசு மட்டுமே வைக்கப்பட வேண்டும் என்று, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று பழைய சீட்டுகளின் தேதியெல்லாம் போட்டு இரண்டு பக்கம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த ஐந்து மாதத்தில் இரண்டு தடவை போன் வந்தது. திசு வந்திருக்கிறது, நாளைக் காலை வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். பொருத்தம் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை வசந்தா போனைப் பிடுங்கப் பார்த்தாள். இணைப்பு ஆவணம் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிப் பழகிய கை. அதே கையால் அந்தப் போனையும் வைத்தேன்.

அந்த மாதங்களில் நான் வேறொரு கணக்கும் போட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் இதை எழுதியதில் பயனில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் அந்தக் குறிகள் முழுதாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. எனக்கு உடன்பிறப்பு ஒருவர்தான். கருவிழியை உயிரோடிருப்பவரிடமிருந்து எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு எழுபத்து மூன்று. பீடி பழக்கம் உண்டு. ஒருநாள் டாக்டரம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் அண்ணன் கண் ஒத்துப்போகுமா என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"உங்க அண்ணன் நல்லா இருக்கட்டும் சார்."

தை மாதம், அறுவடை மெஷின் வயலில் இறங்கியிருந்த ஒரு காலையில், வரப்பில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. வசந்தா சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். நான் மணி பார்த்தேன். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும்.

காரில் போகும்போதே ஐ பேங்குக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்து நான் செய்த முதல் காரியம், அண்ணனுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியது. காற்றில் கருவிழி காய்ந்துவிடும். தலைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினேன். பஞ்சு கேட்டு வாங்கித் தண்ணீரில் நனைத்தேன். அவருடைய இமைகள் சரியாக மூடவில்லை. விரலால் மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்தேன். பதினோரு வருடத்தில் அவரை நான் தொட்டது அப்போதுதான். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சம்மதம் தர வேண்டியவர் அண்ணி. பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அவரு இருந்தப்ப இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல நீங்க. இப்ப கண்ணு வேணுமா தம்பி?"

"எனக்கில்ல அண்ணி. வரிசையில இருக்கறவங்க யாருக்கோ போவும். யாருக்குன்னு நமக்குத் தெரியாது."

பொய். விதி அதுதான் என்று தெரியும். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதற்குத் தளர்வு என்று ஒன்று இருக்கும். நான் பார்த்த அலுவலகங்களில் இல்லாமல் இருந்ததில்லை. அந்தக் கண் எனக்குத்தான் என்று மனதுக்குள் எப்போதோ எழுதி வைத்துவிட்டேன். அண்ணி என் வெளுத்த கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க போடணும்?" என்றார்.

விரலால் காட்டினேன்.

இரண்டு பேர் வந்தார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம். கருவிழியை மட்டும் எடுத்துக்கொண்டு, ரத்தம் கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, இமைகளை மூடிவிட்டுப் போனார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூங்குகிற மாதிரியே இருந்தார்.

மறுநாளே, சாம்பல் ஆறும் முன், திருச்சிக்குப் போனேன். உறவு, வாய்ப்பு விகிதம், என் மனுவின் தேதி எல்லாம் வரிசையாகச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அது வரிசைப்படி யாருக்கோ ஒதுக்கியாச்சு சார். யாருன்னு எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. உங்கள ரெண்டு தடவை கூப்பிட்டு நீங்க வேண்டாம்னுட்டீங்க. உங்க பேரு கீழ போயிடுச்சு."

அண்ணியிடம் சொன்ன பொய் முப்பது மணி நேரத்தில் உண்மையாகிவிட்டது. அதை உண்மையாக்கியது என் மனுதான். ஒப்புகை அட்டைகூட என்னிடம் இருக்கிறது. அண்ணன் கண் என் கண்ணோடு பொருந்தியிருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, சித்திரையில் போன் வந்தது. பொருத்தம் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. ரத்தக் குழாய்கள் இன்னும் உள்ளே வந்திருந்ததால் தைப்பது கடினமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. நூல் இழுக்கிற உணர்வு மட்டும் இருந்தது. பதினாறு தையல். கிருமி எழாமல் இருக்கத் தினம் இரண்டு வேளை மாத்திரை. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு சொட்டு மருந்து. பாட்டிலைப் பார்த்தேன். என் கண்ணைக் கெடுத்த அதே ஸ்டீராய்டு. இந்த முறை மாத்திரை காவலுக்கு நிற்கிறது, அதனால் இது காப்பாற்றும் என்றார் டாக்டரம்மா. மருந்து மாறவில்லை. யாருக்கு, எதற்கு எழுதிக் கொடுத்தது என்பதுதான் மாறியிருக்கிறது.

கட்டுப் பிரித்து இரண்டு வாரத்தில் காலண்டர் தேதி தெரிந்தது.

வைகாசியில் அண்ணி, அப்பா சாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தன் மகனோடு வந்தார். எங்கள் தஞ்சாவூர் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பை, பொன்னாங்கண்ணி. உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கண்ணை மட்டும் பார்த்தார். தலையைச் சாய்த்து, கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தார்.

"நல்லா தெரியுதா தம்பி?"

"தெரியுது அண்ணி."

எடுத்த கருவிழியை அதற்கான திரவத்தில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அண்ணன் போனதற்கும் என் அறுவைக்கும் நடுவே மூன்று மாதம். டிஸ்சார்ஜ் தாளில் தேதி இருக்கிறது. தாள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எடுத்துக் காட்ட இரண்டு நிமிடம் ஆகாது. வசந்தா என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அலுவலகத்தில் கற்ற பாடம். கேட்கப்படாத தகவலை நாமாகத் தரத் தேவையில்லை.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. வயலில் எந்த நெல் விட்டிருக்கிறது, மகன் எப்போது வெளிநாட்டுக்குத் திரும்புகிறான், இந்த வருடம் முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது, எல்லாவற்றையும் என் வலது கண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிறார். தலைமடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுதவேண்டிய காகிதங்களை எடுத்து வைத்தேன். அண்ணியின் மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பா போன பிறகு அதை வைத்து என்ன செய்வது என்றான்.

போன செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். தேதி தெரிந்தது; அதன் கீழே இருந்த ராகுகாலம் தெரியவில்லை. கண் லேசாகச் சிவந்திருந்தது. மெடிக்கல் ஷாப்புக்குப் போகவில்லை. நேராகத் திருச்சிக்குப் போனேன். டாக்டரம்மா ஓரத்தில் ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்தார். தள்ளுவதற்கான ஆரம்பம், சீக்கிரம் வந்துவிட்டீர்கள், மணிக்கொரு சொட்டு விட்டால் திருப்பிவிடலாம் என்றார். திருப்பிவிடலாமா, திருப்பிவிடுவீர்களா என்று நான் கேட்கவில்லை. வசந்தா காலண்டர் தாளைத் திருப்பிக் கட்டம் போட்டிருக்கிறாள். நான்கு நாள் புள்ளிகள் நிறைந்துவிட்டன.

குருடாகப் போவதை நினைத்து ஒரு பயம் இருக்கிறது. அது பழகிய பயம். இன்னொன்றுதான் புதிது. நாளை அண்ணி வருகிறார். வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நல்லா தெரியுதா என்று கேட்பார். இது அண்ணன் கண் இல்லை என்று சொன்னால் இத்தனை மாதம் ஏமாற்றியவன் ஆவேன். சொல்லாமல் இருந்து இதுவும் வெளுத்துப்போனால், தலைமடையைப்போல அண்ணனுடையதை வாங்கி இரண்டாவது தடவையும் பாழாக்கியவன். இரண்டில் எதற்கும் என்னிடம் படிவம் இல்லை.

மணி ஆகிவிட்டது. வசந்தா பாட்டிலோடு நிற்கிறாள்.